அகப்பையால் புரட்டிய முட்டைகள்

பதினேழு வருஷமாக மைசரோ முட்டையை வெறுங்கையால் தொட்டதில்லை. சோறு அள்ளும் மர அகப்பையால்தான் புரட்டுவாள். நாளைக்கு நாலு தடவை. விடிகாலைத் தொழுகை முடிந்ததும் ஒன்று, வேலைக்கு வேன் ஏறுமுன் ஒன்று, சாயங்காலம் வந்ததும் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று. அடைகாக்கிற பெட்டியின் கதவைத் திறந்து, அகப்பையின் விளிம்பை முட்டைக்கு அடியில் கொடுத்து, மெல்ல உருட்டிவிடுவாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு வராது.

காரணம் அவள் கை. சூட்டுக் கை. அவள் ஊரான செராங் பக்கம் அப்படி ஒரு பேச்சு உண்டு. சிலர் கை குளிர்ந்த கை. கிள்ளி நட்டால் மிளகாய் காய்க்கும், கோழி வளர்த்தால் பெருகும், அழுகிற பிள்ளையைத் தூக்கினால் அடங்கும். சிலர் கை சூடு. தொட்டது எதுவும் துலங்காது. மைசரோவின் கை சூடு என்று கண்டுபிடித்துச் சொன்னது யார்? வேறு யார், கட்டிய புருஷன்தான்.

புருஷன் சுஹைமி ஊரறிந்த கோழிக்காரன். வளர்ப்பது குட்டைக்கோழி மட்டும். ஒரு கையில் ஏந்தினால் அடங்கிவிடும் உடம்பு, நெட்டுக்குத்தாக நிற்கிற வால், கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்துதான் பார்க்க வேண்டும். எவ்வளவு குட்டையோ அவ்வளவு மவுசு. கிராம்புச் சிகரெட் பெட்டியைப் படுக்கவைத்துக் கோழியின் வயிற்றுக்கடியில் தள்ளிப் பார்ப்பான். பெட்டி உள்ளே போய்விட்டால் அது அவன் கண்ணுக்குக் கோழியே இல்லை, குழம்புக்குப் போகும். போகாமல் இடித்துக்கொண்டு நின்றால்தான் ஜோடி சேர்ப்பான். குட்டைச் சேவலுக்குக் குட்டைப் பெட்டை, அதிலும் இருப்பதிலேயே குட்டையாகப் பார்த்து.

அடைகாக்கிற பெட்டியும் அவனே ஒட்டுப்பலகையில் அடித்ததுதான். உள்ளே நாலு பல்பு, ஒரு வெப்பமானி, ஒரு தட்டில் தண்ணீர். வைத்த பன்னிரண்டில் மூன்று எப்படியும் போய்விடும். சில தடவை இரண்டு, சில தடவை நாலு. ஏழாம் நாள் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தால் உயிருள்ள முட்டையில் சிவப்பு நூல் நூலாக நரம்பு ஓடும். செத்ததில் ஒரு ரத்த வளையம் மட்டும் ஓட்டோடு ஒட்டிக்கிடக்கும். இன்னும் ஒன்றிரண்டு கடைசிவரை வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே அடங்கிப்போகும். வளையத்தைக் கண்டதும் சுஹைமி சூள் கொட்டுவான்.

"உன் கைதான் மைசா. சூடு."

அவ்வளவுதான். திட்டமாட்டான், கை ஓங்கமாட்டான். சிரித்துக்கொண்டே சொல்வான். அதுதான் வயிற்றெரிச்சல். அப்படிச் சொல்லிச் சொல்லி ஒரு நாள் அகப்பையை எடுத்து நீட்டினான்.

"இனிமே இதால புரட்டு. கை படாம இருக்கட்டும்."

கை சூடு என்றால் அவனே புரட்டலாமே? அதெங்கே! விடிகாலையில் எழுந்தால் அவனுக்குத் தலை கிறுகிறுக்கும். குனிந்தால் இடுப்புப் பிடிக்கும். சாயங்காலம் காப்பிக்கடையில் நாலு பேரோடு கோழிப் பேச்சுப் பேசாவிட்டால் சோறு இறங்காது. சூட்டுக் கைக்காரிதான் எல்லாம் பார்க்க வேண்டும். அவளோ ஒரு ஷூ கம்பெனியில் காலை ஏழு முதல் நாலு வரை நின்றபடி ஷூவின் அடிப்பாகத்துக்குப் பசை தடவுகிறவள். வேனில் ஒடுங்கி உட்கார்ந்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவுமுன் பெட்டியைத் திறக்க வேண்டும். பசை பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து ரேகையே அழிந்துவிட்டது. கம்பெனி வாசலில் விரல் வைக்கிற மெஷின் அவளை மட்டும் மூன்று தடவை திருப்பி அனுப்பும். அந்த விரலை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து யாரோடு சண்டை போடுவது? சண்டைக்கும் ஒரு தெம்பு வேண்டாமா?

அவள் எதிர்த்துப் பேசாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகள் லெலாவுக்கு அடுத்து ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. பதினோரு நாள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் கையிலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருதயத்தில் கோளாறு என்றார்கள். அவள் காதில் அது ஏறவே இல்லை. சுஹைமி "சூடு" என்று சிரிக்கும்போதெல்லாம் அவளுக்கு முட்டை ஞாபகம் வராது, அந்தப் பிள்ளை ஞாபகம்தான் வரும். ஆமாம், இந்தக் கைதானே என்று நினைத்துக்கொள்வாள்.

இப்போது லெலா பிள்ளையாண்டிருந்தாள். ஏழாம் மாதம் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சடங்கைச் சம்பந்தி வீட்டில் வைத்திருந்தார்கள். பூ மிதக்கிற பானையிலிருந்து ஏழு பெண்கள் ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சி மொண்டு ஊற்ற வேண்டும், பெற்றவள் முதலில். மைசரோ கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, இருந்த ஒரே நல்ல பாஜு அங்கியைத் தேய்த்து உடுத்திக்கொண்டு போனாள். கொட்டாங்கச்சிக்குக் கையை நீட்டினாள். சம்பந்தியம்மா உனயா முந்திக்கொண்டு நாசூக்காக அதை எடுத்துக்கொண்டாள். உனயா மக்கா போய்வந்தவள், பேச்சில் சர்க்கரை தடவியிருக்கும்.

"நீங்க பானையைப் பிடிச்சுக்குங்க சம்பந்தி. பாவம், நின்னு நின்னு வேலை பார்க்கறவங்க."

"பானை என்ன எழுந்து ஓடப்போகுதா? நான் ஒரு மொண்டு ஊத்திட்டு வந்து பிடிக்கறேன்."

"அதுக்கில்ல. உங்க வீட்டுக்காரர்தான் அன்னைக்கு எங்க வீட்டு ஹாஜியார்கிட்ட சொல்லிச் சிரிச்சாராம், உங்க கை கொஞ்சம் சூடுன்னு. பொய்யோ நிஜமோ, பிள்ளை விஷயம் பாருங்க. எதுக்கு வம்பு?"

சுற்றி நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த லெலா, "அம்மா ஊத்தட்டும் அத்தை" என்றாள். உனயா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "பிரசவம் ஆனதும் நாப்பது நாளும் இங்கயே இருக்கட்டும். பிள்ளையைக் குளிப்பாட்டறது, தூக்கறதெல்லாம் நானே பார்த்துக்கறேன்" என்று முடித்துவிட்டாள்.

மைசரோ பானையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அலுப்புதான் வந்தது. அதைவிடக் கேவலம், உனயா சொல்வதும் நியாயம்தானே என்று மனசில் ஒரு மூலை சொன்னது.

திரும்பி வரும்போது சுஹைமியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தபடி கேட்டாள். புருஷனை அவள் கூப்பிடுவது அகாங் என்றுதான்.

"அகாங், ஹாஜியார்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

"எதை?"

"என் கையை."

"அட, காப்பி குடிக்கறப்போ சும்மா ஒரு பேச்சு. இதுக்கெல்லாமா மூஞ்சியைத் தூக்குவ?"

அடுத்த வாரம் சுஹைமி கூடையில் தன் சாம்பியன் சேவலை வைத்துக்கொண்டு கப்பலேறி அக்கரையில் லாம்புங்கிலிருக்கிற தம்பி வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே ஊருக்கு ஊர் கோழி அழகுப் போட்டியாம். இரண்டு மாசம் ஆகும் என்றான். மைசரோவுக்குப் பெட்டியிலிருந்து ஓய்வு. முதல் வாரம் அவள் தூங்கின தூக்கம், பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிற அளவுக்கு.

கூண்டில் இரண்டு குட்டைப் பெட்டைகள் இருந்தன. கூடவே ஒரு நெட்டைச் சேவல். அதே சாம்பியனுக்குப் பிறந்ததுதான், ஆனால் கால் நீண்டுவிட்டது. சிகரெட் பெட்டி தாராளமாக உள்ளே போகும். சுஹைமி அதைக் குழம்பு வைக்கச் சொல்லி நாலு மாசம் ஆயிற்று. இன்றைக்கு அலுப்பு, நாளைக்குப் பார்க்கலாம் என்று மைசரோ தள்ளிப்போட்டதில் அது பிழைத்துக் கிடந்தது. பெரிய சேவல் ஊருக்குப் போனதும் இவன் ராஜாவாகிவிட்டான். பெட்டைகளும் மறுக்கவில்லை.

தினமும் ஃபோனில் பேசும்போது சுஹைமி முதலில் கோழிகளைத்தான் விசாரிப்பான்.

"பெட்டைங்க முட்டை வைக்குதா?"

"வைக்குது."

"அந்த நெட்டைப் பய கூட இருக்கற முட்டை எதுக்கு ஆகும்? அவிச்சுத் தின்னு."

ஒரு மாசம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது முட்டைகளை அவிப்பதற்காகச் சட்டியில் தண்ணீர் வைத்தாள். முதல் முட்டையை அகப்பையில் எடுத்தாள். பழக்கம்! அவிக்கப்போகிற முட்டையைக்கூடக் கை தொடாமல் எடுக்கிற அளவுக்கு ஆகிவிட்டதே என்று அவளுக்கே திக்கென்றது. அடுப்பை அணைத்தாள்.

அங்கே நின்றபடிதான் அந்த முடிவுக்கு வந்தாள். இந்த ஒன்பதையும் பெட்டியில் வைப்பது. அகப்பை இல்லாமல் வெறுங்கையால் புரட்டுவது. ஒன்று, ஒரே ஒன்று ரத்த வளையமாகப் போனாலும் உனயா சொன்னதுதான் சரி. லெலாவின் பிள்ளையை எட்ட நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவது, ஆயுசுக்கும் தொடுவதில்லை. ஒன்பதும் பொரிந்தால்? அதை அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பதினேழு வருஷத்தில் ஒரு ஈட்டிலும் முழுசாகப் பொரிந்ததில்லை.

முதல் நாள் முட்டையை இரண்டு விரலால் மட்டும் தொட்டாள். வழுவழுவென்று, வெதுவெதுவென்று, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி போட்டிருந்தாள். குறி கீழே போகும்படி ஒவ்வொன்றாக உருட்டினாள். வேலைக்கு முன், வேலைக்குப் பின், கால் வீங்கிக் கனத்த நாளிலும், கம்பெனியில் கூடுதல் நேரம் நிறுத்திவைத்து ஏழு மணிக்கு விட்ட நாளிலும். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றபடியே புரட்டிவிட்டு, நின்றபடியே டெம்பே என்கிற சோயாக் கட்டியும் சோறும் தின்றுவிட்டு விழுவாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவிப் பசை வாடை போனாலும், சூடு போயிருக்குமா என்று யாருக்குத் தெரியும்?

ஏழாம் நாள் வெளிச்சத்தை வைத்துப் பார்த்தாள். ஒன்பதிலும் நூல் நூலாக நரம்பு. நம்பாமல் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். ஒன்பது. வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது, ஆனால் சிரிக்கவில்லை. இன்னும் பதினாலு நாள் இருக்கிறதே. கடைசியில் ஓட்டுக்குள் சாகிறதை அவள் பார்க்காததா?

பதினாறாம் நாள் லெலாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. கம்பெனியிலிருந்து நேரே ஓடினாள். லெலா களைத்த முகத்தோடு பிள்ளையை நீட்டினாள்.

"வாங்கிக்க மா. பாரேன், உன் மூக்கு."

மைசரோ இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்டி. கையெல்லாம் பசை நாத்தம்."

"கழுவிட்டு வா."

"கழுவினாலும் போகாது. நீ வச்சுக்க."

உனயா அறை வாசலில் நின்று இதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். லெலா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பெற்ற மகளுக்கே தன் அம்மா இப்படி ஒதுங்குவது அவமானமாக இருந்தது. மைசரோ வேனில் அழுதுகொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்தவள் வேலை போய்விட்டதா என்று விசாரித்தாள்.

இருபதாம் நாள் சனிக்கிழமை சாயங்காலம் பெட்டிக்குள்ளிருந்து சின்னதாகச் சத்தம் கேட்டது. ஞாயிறு விடிந்தபோது மூன்று குஞ்சுகள் ஈரத்தோடு தள்ளாடிக்கொண்டிருந்தன. பத்து மணிக்கு ஆறு. மதியத் தொழுகைக்கு எட்டு. ஒன்பதாவது ஓட்டில் ஒரு கொத்து விழுந்து, அதோடு நின்றுவிட்டது. ஓட்டை வழியாக அலகின் நுனி தெரிந்தது, அசையவில்லை. மைசரோ முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். உரித்துவிடக் கூடாது, ரத்தம் கொட்டிச் செத்துவிடும். காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"வந்துடுடா. என் மக அங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுக் கிடக்கா. வந்துடு."

பின்மதியத் தொழுகைக்கான அழைப்பு முடிகிற நேரத்தில் அலகு அசைந்தது. ஓட்டைச் சுற்றி ஒரு கோடு விழுந்தது. தலையால் முட்டி, காலால் உதைத்து, அரை மணி நேரம் அடம்பிடித்துவிட்டு ஒன்பதாவதும் வெளியே வந்து விழுந்தது. மைசரோ அதை அள்ளி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பதினேழு வருஷத்து அழுகை, லேசில் நிற்குமா?

அப்படி அழுதுகொண்டிருக்கும்போதுதான் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். சுஹைமி கூடையும் கையுமாக வந்து நின்றான்.

"என்ன? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல அகாங். பாருங்க, ஒம்பது வச்சேன், ஒம்பதும் பொரிஞ்சுது. வெறுங்கையாலதான் புரட்டினேன். என் கை சூடு இல்ல."

சுஹைமி கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு குஞ்சைத் தூக்கிக் காலை நீட்டிப் பார்த்தான். இன்னொன்றைத் தூக்கினான். முகம் சுளித்தது.

"இது என்ன, கொக்குக் கால்! அந்த நெட்டையனோடதா? அவிச்சுத் தின்னச் சொன்னேனே. கரண்ட்டை வீணாக்கி, பாதி குஞ்சு நெட்டையா வந்து நிக்குது. யாரு வாங்குவா?"

"வாங்க வேணாம். ஒண்ணுகூடச் சாகலையே, அதைப் பாருங்க."

"இதுல என்ன அதிசயம்? அப்பன் நெட்டை, ஆத்தா குட்டை, எப்படிச் சாகும்? குட்டைக்குக் குட்டை சேர்த்தாத்தான் நாலுல ஒண்ணு போகும். கோழி வளர்க்கற எவனைக் கேட்டாலும் சொல்லுவான்."

சொல்லிவிட்டு அவன் கூடையைத் திறந்து சாம்பியனின் கழுத்தைத் தடவ ஆரம்பித்தான். தான் என்ன சொன்னோம் என்பது அவன் காதிலேயே விழவில்லை. மைசரோவுக்கு விழுந்தது. கையிலிருந்த குஞ்சை மெதுவாகப் பெட்டிக்குள் விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"நாலுல ஒண்ணு போகும்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"எப்பன்னா? ஆரம்பத்துலயே தெரியும். எங்கப்பா காலத்துலருந்து எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"என் கையில அகப்பையைக் குடுத்தப்பவே தெரியுமா?"

சுஹைமியின் விரல் சேவலின் கழுத்தில் நின்றது. இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அது... சும்மா விளையாட்டுக்கு ஒரு பேச்சு மைசா. நீயும் ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டே. அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

"விளையாட்டா?"

"விடேன். வந்ததும் வராததுமா. ஒரு காப்பி போடு, தலை வலிக்குது."

மைசரோ கத்தவில்லை. பாத்திரத்தைப் போட்டு உடைக்கவில்லை. அதற்கெல்லாம் தெம்பு இருந்தால் எப்போதோ செய்திருப்பாள். பதினோரு நாள் இருந்த அந்தப் பிள்ளையை இந்தக் கைதான் கொன்றது என்று பதினேழு வருஷமாக அவள் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறாள், இவனுக்கு அது காப்பிக்கடையில் சிரிக்க ஒரு பேச்சு. அதை அவனிடம் சொல்லிப் புரியவைக்கலாம். சொல்ல வேண்டும்தான். இன்றைக்கு முடியாது. முகத்தைக் கழுவினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒரு பையில் இரண்டு மாற்றுத் துணியும் கம்பெனி அடையாள அட்டையும் எடுத்துவைத்துக்கொண்டு வேன் பிடித்தாள்.

சம்பந்தி வீட்டில் உனயா பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். மைசரோ பையைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள், இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுங்க சம்பந்தி."

"அது வந்து..."

"முட்டை செத்ததெல்லாம் கோழியோட குட்டைக் கால்னால. என் கையால இல்ல. இன்னைக்கு அவர் வாயாலயே சொன்னாரு. ஹாஜியாரை விட்டு ஃபோன் போட்டுக் கேளுங்க. நான் இங்க உட்கார்ந்துதான் இருப்பேன்."

உனயா மருமகளைப் பார்த்தாள். லெலா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "குடுங்க அத்தை" என்றாள். இந்தத் தடவை அது கெஞ்சலாக இல்லை. உனயா பிள்ளையைத் துணியோடு சேர்த்து நீட்டினாள். மைசரோ துணியை விலக்கிவிட்டு, தோல் உரிந்த தன் விரல்களைப் பிள்ளையின் தலைக்கும் கழுத்துக்கும் அடியில் கொடுத்து வாங்கிக்கொண்டாள். பிள்ளை ஒரு கொட்டாவி விட்டது. அவ்வளவுதான். அழவும் இல்லை, ஒன்றும் ஆகவும் இல்லை.

"உங்கம்மா நாப்பது நாளும் இங்கதான்" என்று அவள் பேத்தியிடம் சொன்னாள். "நானும் இங்கதான். இங்கருந்தே வேலைக்குப் போய்க்கறேன்." உனயா எழுந்து காப்பி போடப் போனாள்.

ஒன்பது நாள் கழித்து சுஹைமி ஃபோன் போட்டான். பெட்டைகளைச் சாம்பியனோடு விட்டிருக்கிறானாம். வேறொருத்தனிடமிருந்து நல்ல குட்டை ஜோடியின் முட்டை பன்னிரண்டு வாங்கிப் பெட்டியிலும் வைத்துவிட்டானாம்.

"எப்ப வர? முட்டையை யாரு புரட்டறது?"

மைசரோ அப்போது பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கைப்பேசியை லெலாதான் அவள் காதில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அகப்பை அடுக்களையில தொங்குது" என்றாள் மைசரோ. "எடுத்துப் புரட்டுங்க. நாளைக்கு நாலு தடவை."